தரகர் சொல்லாத இரண்டு வார்த்தைகள்

“ஆயிரம் சதுர அடி ஃப்ளாட், ஸார்!” என்கிறார் தரகர். உங்கள் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிடுகிறது. வங்கிக் கடன் போதாமல் உங்கள் வளையல்களும் அடகுக்குப் போகப் போகின்றன. ஆகவே, சகோதரி, முன்பணம் கொடுக்குமுன் நீங்கள் இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதலாவது, ‘கார்பெட் ஏரியா’ எவ்வளவு? அதாவது, வீட்டுக்குள்ளே புழங்கும் இடம். உட்சுவர் இதில் சேரும். வெளிச்சுவரும் பால்கனியும் சேரா. மாடிப்படி, லிஃப்ட் எல்லாம் கூட்டிச் சொன்ன ஆயிரம் இங்கே இளைத்துவிடும்! புதிய பெரிய அடுக்குமாடிகளில், 2016-ஆம் வருஷத்துச் சட்டப்படி, கட்டுபவர் இந்தக் கணக்கைச் சொல்லியே ஆகவேண்டும்.

இரண்டாவது, ‘பிரிபடாத பாகம்’ எவ்வளவு? மனையில் உங்கள் பங்குதான் அது. சென்னைக் கணக்கில் ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஐந்து கிரவுண்டில் ஒரே அளவாக 20 வீடென்றால், வீட்டுக்கு 600 சதுர அடி மண். 40 வீடென்றால் 300தான். கட்டடம் ஒருநாள் கிழமாகும். இடித்துக் கட்டும்போது பேசப்போவது மண்தானே?

இன்னொன்று: அதே சட்டப்படி, விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவாகுமுன், விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. அதுவரை வளையல்கள் உங்கள் கையிலேயே இருக்கட்டும்!