மலையில் ஹீட்டர் சூடாகவில்லையா? இன்ஜினைக் கவனியுங்கள்!

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் தூத்துக்குடியிலிருந்து மதுரை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானலுக்குக் கார்கள் கிளம்பிவிடும். கடற்கரையிலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்துக்குப் போகிறோம். வருஷம் முழுக்க ஏ.சி.யை மட்டுமே தொட்ட கை, அன்றுதான் சிவப்புப் பக்கம் திருகும். வருவதோ வெறும் காற்று! ‘நம்ம ஊருக்கு ஹீட்டர் எதுக்கு?’ என்று அப்படியே விட்டுவிடாதீர்கள். அது இன்ஜின் கொடுக்கும் முதல் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

பெரும்பாலான பெட்ரோல், டீசல் கார்களில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜினைச் சுற்றிச் சூடாகும் கூலன்ட், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குட்டி ரேடியேட்டருக்குள் ஓடும். அதன் வழியே ஃபேன் ஊதும் காற்றுதான் நமக்கு வரும் சூடு. அதனால், கோளாறை இப்படி வரிசையாகத் தேடலாம்.

காற்றே குறைவாக வருகிறதா? கேபின் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். இது சின்னச் செலவு.

காற்று நன்றாக வந்தும் சூடு இல்லையா? இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, பானெட்டைத் திறந்து கூலன்ட் டப்பாவைப் பாருங்கள். அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீய்ச்சியடிக்கும், ஜாக்கிரதை. ஊற்ற ஊற்றக் குறைந்தால் எங்கோ கசிவு. முன்சீட்டு மிதியடி ஈரமாகி, இனிப்பு வாடையும் வந்தால், கசிவது அந்தக் குட்டி ரேடியேட்டராக இருக்கலாம்.

அளவு சரி, ஆனால் 20 நிமிடம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் ஏறவில்லை, அல்லது நீல விளக்கு அணையவில்லையா? தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். இன்ஜின் சுமார் 80-90 டிகிரி சூடானதும் திறக்கும் வால்வு அது. ‘வெயில் ஊருக்கு இது தேவையில்லை’ என்று சில பட்டறைகளில் கழற்றியே விடுவார்கள். அப்புறம் இன்ஜின் உரிய சூட்டுக்கு வரத் திணறும். பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும். பழைய கார் வாங்கியவர்கள் இதை மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள்.

முள்ளும் சரியென்றால், ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களையும் மெக்கானிக் சோதிக்கட்டும். ஒன்று சூடு, மற்றொன்று ஆறியிருந்தால் அடைப்பு. கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றுவதன் பலன் இது. நம் கடலோரத்து உப்புத் தண்ணீர் அந்த மெல்லிய குழாய்களில் துருவும் படிவமுமாக உட்கார்ந்துவிடும். இரண்டுமே சூடென்றால், டாஷ்போர்டுக்குள் காற்றைத் திருப்பிவிடும் கதவு சிக்கியிருக்கலாம்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். ஹீட்டரில் குளிர்காற்று, முள்ளோ சிவப்பை நோக்கி ஏறுகிறது என்றால், கூலன்ட் வற்றிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணையுங்கள். ‘இன்னும் நாலு வளைவுதானே’ என்று ஏற்றினால், இன்ஜினையே பிரித்து வேலை பார்க்க வேண்டிவரும்.

மலையில் கண்ணாடி பனித்தால், ஹீட்டரோடு ஏ.சி.யையும் போட்டு, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏ.சி. ஈரத்தை உறிஞ்சிவிடும், எதிரே வரும் பஸ் தெளிவாகத் தெரியும்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, பீச் ரோட்டில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு ஹீட்டரைப் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிடம் வியர்த்தால் நல்லதுதான். கைக்குழந்தையோடு மலையேறுபவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.