எஞ்சினுக்கு முன்னெண்ணெய்க் கருவி அவசியமா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பார் சென்னை மாகாணத்தில் கவலை மாடுகளுக்குப் பதிலாக எண்ணெய் எஞ்சினைக் கொண்டு கிணற்று நீரை இறைத்துக் காட்டினார். அதுமுதல் எஞ்சின்கள் பெருகியதோடு, அவற்றிற்கென விற்கப்படும் துணைக்கருவிகளும் பெருகி வந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று முன்னெண்ணெய்க் கருவி. எஞ்சின் சுழலத் தொடங்குமுன்னரே ஒரு சிறு மின்பம்பு மசகெண்ணெயைப் பேரிங்குகளுக்குச் செலுத்திவிடும். வெறும் உலோகத்தோடு உலோகம் உராய்வது இதனால் குறையும் என்பது விற்போர் வாதம்.

வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. நெடுநாள் நின்ற எஞ்சினில் எண்ணெய் அடித்தொட்டிக்கு வடிந்துவிடுகிறது. கப்பல், ரயில், மின்நிலையம் ஆகியவற்றின் பேரெஞ்சின்களில் இத்தகைய ஏற்பாடு இருப்பதும் இதனாலேயே. ஆயினும் கப்பலுக்குப் பொருந்துவது கொல்லைக் கிணற்றுக்கும் பொருந்தும் என்று கொள்ளலாகாது.

செஞ்சி வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். கோட்டைமலைகளைச் சூழ்ந்த நிலம் பாறைப்பாங்கானது. கிணறு சில மணி நேர இறைப்பில் வற்றும். ஊறியபின் மீண்டும் எஞ்சினை ஓட்ட வேண்டும். ஒரே நாளில் இருமுறை ஓட்டுவதால் தேய்மானம் மிகும் என்று சிலர் அஞ்சுவர். காலையில் நிறுத்திய எஞ்சினை மாலையில் ஓட்டுங்கால் பேரிங்கில் எண்ணெய்ப் படலம் எஞ்சியிருக்கும். இவ்வூர் வெப்பத்தில், குளிர்நாடுகளிற்போல எண்ணெய் இறுகுவதும் இல்லை. அச்சத்திற்கு இடமுள்ளது ஐப்பசி, கார்த்திகை மழையில் நிறுத்தி, மாதங்கள் கழித்து மறுபடி ஓட்டும் அந்த முதல் நாளில்தான்.

அந்நாளுக்குரிய பரிகாரம் குடியானவர் கையிலேயே இருக்கிறது. டீசலை அடைத்து, சிலிண்டர் அழுத்தத்தைத் தளர்த்தும் நெம்புகோலைத் தூக்கி, கைப்பிடியால் பத்துப் பன்னிரண்டு சுற்று சுற்றினால், எண்ணெய்ப் பம்புள்ள எஞ்சினில் அப்பம்பே எண்ணெயை மேலேற்றத் தொடங்கும். எண்ணெயைத் தெறிக்கவிட்டு மசகிடும் பழைய எஞ்சின்களிலோ, புதுக்கருவியை இணைப்பதற்குரிய எண்ணெய்க் குழாயே கிடையாது. மேலும் கைப்பிடி எஞ்சினுக்குப் பாட்டரி இல்லை; கருவிக்காக அதையும் வாங்கிப் பேண வேண்டும். கூடுதலாகப் பூட்டிய குழாயின் மூட்டு ஒன்று கசிந்து எண்ணெய் வடிந்துபோனால், எஞ்சினைக் காக்க வந்த கருவியே அதற்குக் கேடாய் முடியும்.

எஞ்சினைத் தின்னும் பகைகள் வேறு உள. முதலாவது குளிர்ந்த நீர். கிணற்று நீரை நேரே எஞ்சினுக்குள் தாராளமாகப் பாயவிடுவது வழக்கமாயிருக்கிறது. அளவுக்கு மிஞ்சிக் குளிர்ந்த சிலிண்டரில் டீசலின் கந்தகப் புகை நீரோடு சேர்ந்து அமிலமாகி லைனரை அரிக்கும், டீசலும் வீணாகும். வெளிவரும் நீர் 60 முதல் 70 டிகிரி வரை சூடாயிருக்குமாறு குழாயைத் திருகி வைத்தல் நலம். இரண்டாவது, காற்றுவடிகட்டி வழியே நுழையும் புழுதி. மூன்றாவது, காலம் கடந்தும் மாற்றாத கரிய எண்ணெய். இம்மூன்றையும் முன்னெண்ணெய்க் கருவி தடுப்பதில்லை.

ஆதலின் ஐந்து குதிரைசக்திக் கிணற்று எஞ்சினுக்கு இக்கருவி வீண்செலவே. டர்போ பூட்டிய டிராக்டருக்குங்கூட, கிளப்பியவுடன் சுமையேற்றாது சிறிது நேரம் மெதுவாக ஓடவிடுதல் பெரும்பாலும் போதும். பல வாரம் நின்று, கிளம்பியவுடன் முழுச்சுமையையும் தாங்கவேண்டிய பெரிய ஜெனரேட்டர் வைத்திருப்போர் மட்டும் இதனை ஆலோசிக்கலாம். அவர்களும் கருவி, பாட்டரி, பராமரிப்பு ஆகியவற்றின் விலையை ஒருபுறமும், லைனர், பிஸ்டன், பேரிங் மாற்றும் செலவை மறுபுறமும் எழுதிப் பார்த்தபின்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கருவி வாங்கக் கடன் கோருவோர் யோசனை கேட்டு வந்தால், கிராம அதிகாரிகள் மூன்று வினாக்களை முதலில் கேட்பார்களாக: எண்ணெய் மாற்றிய தேதி எழுதி வைத்திருக்கிறதா? வடிகட்டி சுத்தமாக இருக்கிறதா? வெளிவரும் நீர் சூடாக இருக்கிறதா? இவற்றிற்குச் சரியான விடை கூற இயலாதவர் கருவிக்குப் பணம் செலவிடுவது, மடை உடைந்திருக்க ஏற்றம் பூட்டுவதை ஒக்கும்.