புல்வெளி தரிசு நிலமா?

பிரவே படித்தபோது எங்களுக்குப் பூகோளமும் பிரெஞ்சில்தான். ஆர்ல் நகரத்தை ஒட்டிய க்ரோ சமவெளியில் இருக்கும் ஆட்டு மந்தைகள் கோடையில் ஆல்ப்ஸ் மலைக்கு ஏறும், குளிருக்கு முன் இறங்கிவிடும். அதற்குப் பெயர் 'த்ரான்ஸ்யுமான்ஸ்'. நெட்டுருப் போட்டு மார்க் வாங்கினேன். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு மலை ஏது, மந்தை ஏது!

மலை மொட்டையாவதற்கு மேய்ச்சல்காரர்களே காரணம் என்று சொல்லி, பிரெஞ்சு அரசு 1860-லும் 1882-லும் சட்டம் போட்டு மரம் நட்டது பின்னாளில்தான் தெரிந்தது. அதே அரசு 1972-இல் மேய்ச்சலைக் காக்கச் சட்டம் போட்டது. 2023-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் அந்த மந்தைப் பயணம் ஏறிவிட்டது.

நம் நீலகிரிக்கு வருவோம். ஓய்வுக்குப் பிறகு ஊட்டி போனபோது, கற்பூர மரக் காட்டைப் பார்த்து (நம்மூரில் தைல மரம் என்போம்) "என்ன இயற்கை!" என்றேன். கூட வந்த உள்ளூர்ப் பெரியவர் சிரித்தார். "ஐயா, இதெல்லாம் புல்லாக இருந்த இடம். தோடர் எருமை மேய்ந்த இடம்."

பள்ளங்களில் சோலை, மேட்டில் புல். அதுதான் அந்த மலையின் இயல்பு. வெள்ளைக்காரன் புல்லைத் தரிசு என்று நினைத்தான். கற்பூரமும் சீகையும் வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் தோல் பதனிடப் பட்டை வேண்டும், ரேயானுக்கு மரம் வேண்டும் என்று இன்னும் நட்டோம். நடாத இடத்திலும் சீகை தானே பரவியது. மேய்ச்சல் சுருங்கியது, எருமை குறைந்தது. தோடர் கோயில் கூரைக்கு வேண்டிய சதுப்புப் புல்லும் அரிதாகிவிட்டது.

எனக்கு உறுத்துவது 'தரிசு' என்ற சொல். வருஷக்கணக்கில் பதிவேட்டில் அதை எழுதியவன் நான். அங்கே யார் மாடு மேய்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்தக் கட்டத்தில் அதற்கு இடமும் கிடையாது.

எல்லாரும் திரும்ப எருமை மேய்க்கட்டும் என்று நான் சொல்லவில்லை. தோடர்களில் பலர் இன்று காரட், உருளைக்கிழங்கு போடுகிறார்கள், பிள்ளைகள் படிக்கிறார்கள். என் பிள்ளைகளை மட்டும் நான் என்ன, ஏரோட்டவா அனுப்பினேன்? ஆனால் இப்போது வனத்துறை சீகையை அகற்றிப் புல்லை மீட்கிறதே, அந்தப் புல் யாருக்கு? 2006-ஆம் வருட வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஒப்புக்கொள்கிறது. திட்டம் எழுத உட்காரும் அதிகாரிகள் முதலில் ஒரு மந்துக்குப் போய், எந்தச் சரிவில் எந்த மாதம் மேய்த்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். அது தெரிந்த கிழவர்கள் இன்னும் இருக்கும்போதே.