கிழங்குச் சூரியகாந்தியும் எல்லைக் காவலும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் மேட்டாங்காடு உடைய குடியானவர்களுக்கு மரவள்ளியே தலையாய கிழங்குப் பயிராகும். 2020-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குள் புகுந்த அயல்நாட்டு மாவுப்பூச்சி இப்பயிருக்கு விளைத்த நஷ்டத்தை ஒருவரும் மறந்திரார். அப்பூச்சியை அடக்கவல்ல ஒட்டுண்ணிக் குளவிகள் 2022-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விவசாயிகளுக்கு வழங்கப்பட்டன. ஒரே கிழங்கை நம்பியிருப்பது தகுமா என்னும் கேள்வி அன்று முதல் பலர் மனத்தில் எழுந்திருப்பது இயல்பே. அவ்வாறு மாற்றுக் கிழங்கைத் தேடுவோர் கண்ணில் படக்கூடியவற்றுள் ஒன்று, ஆங்கிலேயர் ஜெரூசலம் ஆர்ட்டிசோக் என்றழைக்கும் கிழங்குச் சூரியகாந்தி. இதனைப் பயிரிடலாமா என்பதைக் காட்டிலும், பயிரிட்டபின் இதனை நிலத்திலிருந்து முற்றிலும் நீக்க இயலுமா என்பதே முதலில் கேட்கத்தக்க கேள்வியாகும்.

இச்செடிக்கும் ஜெரூசலம் நகருக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. இத்தாலிய பாஷையில் சூரியகாந்தியைக் குறிக்கும் ஜிரசோலே என்னும் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பது பலருடைய கருத்து. இது வட அமெரிக்காவிற்கு உரிய செடி. 1605-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரரான ஷாம்ப்ளேன் அந்நாட்டுப் பழங்குடியினரின் தோட்டங்களில் இதனைக் கண்டார். பின்னர் இது ஐரோப்பாவிற்குச் சென்றது. இரண்டாம் உலக யுத்தத்தில் உருளைக்கிழங்கு அரிதாகியபோது பிரான்சு தேசத்து மக்கள் இதனையே உண்டு பசியாறினர். அற்ப நிலத்திலும் சிரமமின்றி விளையும் குணம் இதற்கு உண்டு என்பதற்கு இதுவே சான்று. ஆள் உயரத்திற்கு மேல் வளர்ந்து, மஞ்சள் நிறச் சிறுபூக்களைத் தாங்கி, இஞ்சியைப் போன்ற கணுக்களுள்ள கிழங்குகளை மண்ணிற்குள் விடும்.

இலாபத்தைக் கருதுவோர் அறிய வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மரவள்ளியில் உள்ளது மாவுச்சத்து. ஜவ்வரிசி ஆலைகள் அதனை நாடியே கிழங்கு வாங்குகின்றன. கிழங்குச் சூரியகாந்தியில் மாவுச்சத்துக்குப் பதிலாக இனுலின் என்னும் வேறொரு சத்தே நிறைந்துள்ளது. ஆகவே, இதனை ஆலைக்கு ஏற்றிச் செல்வதில் பயனில்லை. இனுலின் வயிற்றில் எளிதில் ஜீரணிக்காதாகையால், நீரிழிவுக்காரர்களுக்கு ஏற்றது என்று புகழ்ந்துரைக்கப்படுகிறது. அக்காரணத்தாலேயே அதிகமாக உண்பவர்க்கு வாயுவும் உண்டாகிறது. தோல் மெல்லியதாதலால் தோண்டிய சில நாட்களில் வதங்கிவிடும். அம்மாபேட்டை உழவர் சந்தையில் சேனையும் கருணையும் காத்திருப்பது போல இது காத்திராது.

சீதோஷ்ணமும் முழுவதும் சாதகமன்று. குளிர் பட்ட கிழங்கே ஒருசீராக முளைக்கும். சேலத்துச் சமவெளியில் அத்தகைய குளிர் இல்லை. மேலும், பகற்பொழுது சுருங்கியிருந்தால் இச்செடி விரைவில் கிழங்கு கட்டத் தொடங்கிவிடும். இப்பிரதேசத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலும் பதின்மூன்று மணி நேரத்தை எட்டுவதில்லை.

இனி, முக்கியமான விஷயத்திற்கு வருவோம். மரவள்ளி பயிரிடுவோரின் கைப்பழக்கமே இப்பயிரில் அவர்களுக்குச் சத்துருவாகும். மரவள்ளியில் விதை என்பது குச்சியே. மண்ணிற்குள் ஒடிந்து தங்கிய கிழங்கு முளைப்பதில்லை, மக்கிப் போகும். ஆகையால், அறுவடையில் விடுபட்ட துண்டுகளைப் பற்றி எவரும் கவலை கொள்வதில்லை. கிழங்குச் சூரியகாந்தியிலோ, கணுவுள்ள சிறு துண்டும் ஒரு செடியாகும். அசட்டையாகத் தோண்டிய பாத்தியில் அடுத்த பருவம் விதைக்காமலே பயிர் எழும். அதன் நிழலில் வேறெதுவும் தலையெடுக்காது.

இத்தன்மையை அறியக் கோரையைக் காட்டிலும் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை. கோரையின் கிழங்குகள் சங்கிலி போலத் தொடர்ந்திருக்கும். ஈரத்தில் மேலோட்டமாக உழுதால் சங்கிலி அறுந்து, உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைக்கும். கோடையில் ஆழ உழுது, கிழங்குகளை வெயிலில் காயவிட்டால் அவை மடியும். களை பறிக்கும் கூலியால் கோரையின் சுமையை அறிந்தவர்கள், அதே போக்குடைய மற்றொரு செடியைக் காசு கொடுத்து வாங்கி நடுமுன் இருமுறை சிந்திக்கக் கடமைப்பட்டவர்கள். ஆயினும், கிழங்குச் சூரியகாந்தி கோரையைப் போல அடங்காதது அன்று. விடுபட்ட கிழங்குகளில் பெரும்பாலானவை அடுத்த பருவத்திலேயே முளைத்துவிடுவதால், அவற்றைப் புதுக் கிழங்கு கட்ட விடாமல் அழிப்பவர்க்கு வெற்றி நிச்சயம்.

பயிரிட விரும்புவோர் முதலில் இரண்டு மூன்று சென்ட் நிலத்திற்கு மேற்போகலாகாது. வாய்க்கால், ஏரிக்கரை, எருக்குழி ஆகியவற்றுக்கு அருகில் நடுதல் தவறு. ஐரோப்பாவில் ஆற்றங்கரைகளில் இச்செடி பரவியதற்கு வெள்ளம் கிழங்குகளை அடித்துச் சென்றதே பெருங்காரணம். மழைக்காலத்தில் திருமணிமுத்தாற்றிலும் ஏரி வாய்க்கால்களிலும் ஓடும் நீரும் அவ்வாறே செய்யும். பாத்தியைச் சுற்றி மூன்றடி அகலத்திற்கு வெற்றிடம் விட்டு, அதில் எழும் முளைகளை அவ்வப்போது கொத்திவிட வேண்டும். அறுவடையில் மண்வெட்டியால் ஓரடி ஆழம் புரட்டி, மண்ணைக் கையால் அலசிக் கிழங்கு பொறுக்குவதே முறை. சுழற்கலப்பையை ஓட்டுவது கிழங்கை நறுக்கி நடுவதற்கு ஒப்பாகும். அடுத்த பருவத்தில் தீவனச் சோளம் விதைத்து, கலந்து எழும் செடிகளையும் சேர்த்துப் பலமுறை அறுத்துவிடலாம். முளைத்த செடி முழங்கால் உயரம் வந்ததும், தாய்க்கிழங்கின் சத்து செலவாகிப் புதுக்கிழங்கு கட்டுமுன் அறுப்பது மிகவும் பலன் தரும். இங்குக் கிழங்கு முன்னதாகவே கட்டுமாதலால் தாமதம் கூடாது. இரண்டு பருவம் தவறாமல் இவ்வாறு செய்தால் நிலம் சுத்தமாகும்.

இது தனி ஒருவர் காரியம் மட்டுமன்று. ஓராண்டுக் குத்தகைக்கு நிலம் பிடித்தவர் நட்டு, விற்று, விலகிவிட்டால், எஞ்சிய கிழங்கைச் சுமப்பவர் நிலச்சொந்தக்காரரும் பக்கத்து வயல்காரருமே. ஆகையால், நிலத்தை முற்றிலும் சுத்தம் செய்து ஒப்படைக்கும் பொறுப்பைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்வது நலம். கிராம நிர்வாக அலுவலரும் ஊராட்சித் தலைவரும் பொது வாய்க்கால் ஓரங்களில் இச்செடியைக் கண்டால், ஒன்றிரண்டாக இருக்கும்போதே உரியவரை அழைத்துச் சொல்லுதல் தகும். சீமைக்கருவேல் விறகுக்கும் வேலிக்கும் உதவும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டில் வரவேற்கப்பட்டது. அதனையும் அதனைப் போன்ற அயற்செடிகளையும் அகற்றுவதற்காக 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. வரவேற்ற நாளில் எல்லை வகுத்திருந்தால் இத்துணைச் செலவு நேர்ந்திராது.

கிழங்குச் சூரியகாந்தி தீய செடியன்று. வீட்டு உபயோகத்திற்கும், வாங்குவோரை முன்னரே நிச்சயித்துக்கொண்ட சிறு விற்பனைக்கும் ஏற்றதே. மரவள்ளிக்கு மாற்றாக ஏக்கர் கணக்கில் நடுவதற்கு உரியதன்று. கடைசிக் கிழங்கையும் பொறுக்கி எடுக்கப் பொறுமையுள்ளவர் இதனை நடுக. அப்பொறுமை இல்லாதவர், தம் பொருட்டும் அயலார் பொருட்டும், இதனை விட்டுவிடுவதே விவேகம்.