வைக்கோலில் வீடு கட்டலாமா?

தை மாதம். நெல் அறுப்பு முடிந்துவிட்டது. வயலில் வைக்கோல் கிடக்கிறது.

இதை என்ன செய்வது? மாட்டுக்குப் போடலாம். கூரை வேயலாம். விற்றுக் காசாக்கலாம். பஞ்சாபில் என்றால் அப்படியே தீ வைத்துவிடுகிறார்கள்.

அதே வைக்கோலைக் கட்டுக் கட்டாகக் கட்டி, செங்கல் போல அடுக்கி, கணவனும் மனைவியுமாக வீடு எழுப்பி, பால் காய்ச்சிக் குடிபோகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். கூரை மட்டும் அல்ல, சுவரே வைக்கோல்!

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் இது வேடிக்கைக் கதை அல்ல. 100 வருஷத்துக்கு மேல் நிற்கும் வைக்கோல் வீடுகள் உண்டு. கடலூர் மாவட்டத்தில் மங்களூர் போன்ற ஒரு ஊரில் இது நடக்குமா என்பதுதான் கேள்வி.

மாடு தின்ற பள்ளிக்கூடம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். அங்கே மணல் மேடுகள் நிறைந்த ஒரு பகுதி இருக்கிறது. மரம் கிடையாது. செங்கல் சூளை வைக்க நல்ல மண்ணும் கிடையாது. புல் மட்டும் ஏராளம். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அங்கே குடியேறிய விவசாயிகள் வீட்டுக்கு என்ன செய்வார்கள்?

அந்தச் சமயத்தில்தான் புல்லை அழுத்திக் கட்டும் இயந்திரம் வந்திருந்தது. குதிரையைப் பூட்டி ஓட்டுவார்கள். புல் சதுரக் கட்டாக வெளியே வரும். அந்தக் கட்டுகளையே அடுக்கிச் சுவர் வைத்தார்கள். ஏழைக் குடும்பங்கள் தாங்களே கட்டிக்கொண்ட வீடுகள் இவை.

முதல் முயற்சிகளில் ஒன்று பேயார்ட் என்ற ஊர்ப் பக்கம் கட்டிய பள்ளிக்கூடம். காலம் 1896 வாக்கில். சுவருக்குப் பூச்சு பூசவில்லை. சுற்றிலும் வேலி போடவில்லை. என்ன ஆயிற்று? மாடுகள் வந்து பள்ளிக்கூடத்தைத் தின்றுவிட்டன! 1902-ல் இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது.

மாடு புகட்டிய பாடத்தை மனிதர்கள் கற்றுக்கொண்டார்கள். பிறகு கட்டிய சுவர்களுக்கு மண்ணும் சாந்தும் கனமாகப் பூசினார்கள். ஆர்தர் என்ற சிற்றூரில் 1928-ல் வைக்கோல் கட்டுகளால் ஒரு மாதா கோவில் கட்டினார்கள். அது இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

பிரான்ஸ் தேசத்திலும் ஒரு வீடு உண்டு. முதல் உலக யுத்தம் முடிந்து ஜனங்கள் வீடில்லாமல் தவித்த நேரம். பெயெத் என்ற எஞ்சினீயர் 1920-ல் மோந்தார்ஜி என்ற ஊரில் மரச் சட்டம் நிறுத்தி, நடுவே வைக்கோல் அடைத்து வீடு கட்டினார். அதுவும் நூறு வயதைத் தாண்டி நிற்கிறது.

அடுத்த நாடான பாகிஸ்தானுக்கு வருவோம். 2005 அக்டோபர் 8-ந் தேதி காஷ்மீர்ப் பகுதியில் பெரிய பூகம்பம். கல் வீடுகளும் கான்கிரீட் வீடுகளும் ஜனங்கள் மேல் விழுந்தன. அதன் பிறகு ஒரு தொண்டு நிறுவனம் அங்கே வைக்கோல் வீடுகளைக் கட்டத் தொடங்கியது. இயந்திரம் இல்லை. பெட்டி போன்ற அச்சில் வைக்கோலைப் போட்டு, கையால் அழுத்திக் கட்டினார்கள். 2009-ல் அதே மாதிரியான ஒரு வீட்டை அமெரிக்காவில் நெவாடா பல்கலைக் கழகத்தில் ஆட்டும் மேடை மேல் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். வீட்டுக்குச் சேதம் ஏற்பட்டது. ஆனால் இடிந்து விழவில்லை.

தீப்பிடிக்காதா?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். தமிழ்நாட்டில் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 2004 ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடக் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டார்கள். அந்த நாளை மறந்தவர் யாரும் இல்லை.

ஆனால் கூரை வேறு, கட்டு வேறு. ஒற்றைக் காகிதத்தில் நெருப்பு வைத்தால் உடனே எரியும். கனமான புத்தகத்தை மூடி வைத்து நெருப்புக் காட்டினால் ஓரம் கருகும், உள்ளே போகாது. காற்று புகுந்தால்தானே நெருப்பு பிடிக்கும்? அழுத்திக் கட்டிய வைக்கோலில் காற்றுக்கு இடம் இல்லை. அதற்கு மேல் இரண்டு பக்கமும் ஓர் அங்குலத்துக்குக் குறையாத பூச்சு. அமெரிக்காவில் நடந்த சோதனையில் மண் பூசிய வைக்கோல் சுவர் ஒரு மணி நேரமும், சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்து பூசிய சுவர் இரண்டு மணி நேரமும் தீயைத் தடுத்து நின்றன. அந்த நாட்டு வீட்டுக் கட்டட விதிகளில் 2015 பதிப்பிலேயே வைக்கோல் சுவருக்கு இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஆபத்து கட்டும்போதுதான். தரை முழுக்க உதிரி வைக்கோல் கிடக்கும். அந்த இடத்தில் ஒரு பீடித் துண்டு போதும்.

எலி? வைக்கோலில் நெல்மணி இல்லாமல் உதறிவிட்டு, பூச்சில் ஓட்டை விடாமல் இருந்தால் எலிக்கு அங்கே வேலை இல்லை.

உண்மையான பகை தண்ணீர்தான். ஈரம் ஏறிய வைக்கோல் பூஞ்சை பிடித்து உள்ளுக்குள்ளேயே மக்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் சுவருக்குக் கீழே ஒன்றரை அடி, இரண்டு அடி உயரத்துக்குக் கல் அல்லது செங்கல் மேடை வேண்டும். மேலே கூரை சுவரைத் தாண்டி நன்றாக நீண்டிருக்க வேண்டும். தலைக்குக் குடை, காலுக்குச் செருப்பு! நம் நாட்டில் இன்னொரு பகையும் உண்டு. அதுதான் கரையான். நெப்ராஸ்காக்காரனை விட நம்மவருக்கு அந்தக் கவலை அதிகம். அஸ்திவாரத்தில் அதற்குத் தடுப்பு வைக்காமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

மங்களூரில் ஒரு கணக்கு

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் போன ஊர். மண்ணைச் சுட்டுக் காசாக்கும் ஊர். அதற்கு மேற்கே இருக்கிறது மங்களூர் ஒன்றியம். மழையை நம்பிய புன்செய்ப் பூமி. மக்காச்சோளம், பருத்தி அதிகம். தண்ணீர் வசதி உள்ளவர்கள் நெல்லும் போடுகிறார்கள்.

இங்கே ஒரு தம்பதி இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் நிலம், ஒரு பசு, ஒரு கூரை வீடு. வைக்கோல் வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கணவன் காகிதமும் பென்சிலுமாக உட்காருகிறான்.

வீட்டின் உள்ளளவு 20 அடிக்கு 18 அடி. 360 சதுர அடி. ஒரு கட்டு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 14 அங்குல உயரம். ஆறு வரிசை அடுக்கினால் 7 அடிச் சுவர். கதவு, ஜன்னலுக்கு இடம் விட்டால் சுமார் 150 கட்டு. ஒரு கட்டு 17 கிலோ என்றால் மொத்தம் இரண்டரை டன். ஒன்றேகால் ஏக்கர் வைக்கோல் போதும்.

"பார்த்தியா புள்ள! ஒன்றேகால் ஏக்கர் வைக்கோல்ல நாலு பக்கச் சுவரும் முடிஞ்சுபோச்சு!" என்கிறான் அவன்.

"ஏங்க, அப்ப மாட்டுக்கு?" என்று கேட்கிறாள் அவள்.

அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருக்கிறது. பசு நாளைக்கு 7 கிலோ வைக்கோல் தின்றால், இரண்டரை டன் என்பது ஒரு வருஷத் தீனி. நாலு சுவர் ஒரு மாட்டின் ஒரு வருஷச் சாப்பாட்டுக்குச் சமம்.

பஞ்சாபில் இந்தக் கேள்வி எழாது. அங்கே ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் நெல் வைக்கோல் விழுகிறது. அங்கே மாடுகளுக்குக் கோதுமைத் தாள்தான் தீனி. நெல் அறுத்துக் கோதுமை விதைக்க இரண்டு, மூன்று வாரமே அவகாசம். அதனால் எரிக்கிறார்கள். டெல்லி வரை புகை மூட்டம். 2015-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தும் எரிப்பு நிற்கவில்லை. அங்கே வைக்கோல் தொல்லை. இங்கே வைக்கோல் சொத்து. காவிரிக் கரையிலிருந்து லாரி லாரியாக வெளியூருக்குத் தீவனமாகப் போகிறது. எரிக்கிற ஊரில் வைக்கோலை வீடாக்குவது புத்திசாலித்தனம். விலை கொடுத்து வாங்குகிற ஊரில் அப்படிச் சொல்ல முடியாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. இப்போது டிராக்டரில் பூட்டி வைக்கோல் கட்டும் இயந்திரங்கள் பெரும்பாலும் உருளையாகச் சுருட்டித் தருகின்றன. உருளையை அடுக்கிச் சுவர் வைக்க முடியுமா? பாகிஸ்தானில் செய்தது போலப் பெட்டி அச்சில் கையால் அழுத்த வேண்டும்.

இடமும் பிரச்னைதான். வைக்கோல் சுவர் ஒன்றரை அடி கனம். உள்ளே 360 சதுர அடி வேண்டுமென்றால் வெளியே 483 சதுர அடி பிடிக்கும். ஒரு சென்டுக்கும் அதிகம். 9 அங்குலச் செங்கல் சுவருக்கு 419 சதுர அடி போதும். தோட்டத்தின் நடுவே கட்டுகிறவருக்கு இது ஒன்றும் இல்லை. இரண்டு சென்டு மனைப் பட்டா வாங்கிய கூலிக்காரக் குடும்பத்துக்கு அந்த 64 சதுர அடி ஒரு சமையலறை!

காலம் மட்டும் நமக்கு அழகாகப் பொருந்துகிறது. தையில் அறுப்பு. மாசியில் தூண் நிறுத்திக் கூரையை முதலில் போட்டுவிட வேண்டும். அதன் நிழலில் காய்ந்த வைக்கோலை அடுக்கலாம். சித்திரை வெயிலில் பூச்சு காயும். ஆவணியில் குடிபோகலாம். ஐப்பசி மழை வரும்போது சுவர் தயார்.

பேக்கரும் எலிசபெத்தும்

இந்த நாட்டில் கணவனும் மனைவியுமாகச் சொந்த வீடு கட்டி வழிகாட்டியவர்கள் இருக்கிறார்கள். லாரி பேக்கர் இங்கிலாந்தில் பிறந்தவர், கட்டடக் கலைஞர். எலிசபெத் கேரளத்து டாக்டர். 1948-ல் கல்யாணம். இமயமலை அடிவாரத்தில் பித்தோராகட் பக்கம் போனார்கள். டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். தம்பதி அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டையும் ஆஸ்பத்திரியையும் அந்த மலையில் கிடைத்த கல், மண், மரத்தைக் கொண்டே கட்டினார்கள். 1963-ல் கேரளம் வந்தார்கள். பிறகு திருவனந்தபுரத்தில் ஒரு பாறைச் சரிவில் தங்கள் வீட்டைச் சிறிதாகத் தொடங்கி, தேவைக்குத் தக்கபடி அறை அறையாக வளர்த்தார்கள்.

நல்ல வீடு என்பது ஐந்து மைல் சுற்றளவில் கிடைக்கும் பொருளால் கட்டியதாக இருக்க வேண்டும் என்று காந்தியடிகள் சொன்னதைப் பேக்கர் கடைசி வரை பிடித்துக்கொண்டார். 2007-ல் காலமானார்.

மங்களூரைச் சுற்றி ஐந்து மைலில் என்ன இருக்கிறது? மண் இருக்கிறது. சூளைச் செங்கல் இருக்கிறது. பனை இருக்கிறது. வைக்கோல் கொஞ்சம்தான் இருக்கிறது. அந்தக் கொஞ்சத்தைச் சுவராக அடுக்குவதை விட, நறுக்கி மண்ணில் மிதித்துக் குழைப்பது மேல். நம் பாட்டன், பாட்டி செய்த வேலைதான் அது. வைக்கோல் கலந்த மண் வெடிக்காது. பத்துக் கட்டு வைக்கோலில் காரியம் முடியும். மாடும் பட்டினி கிடக்காது.

அரசாங்கத்து வீடு

குடிசைக்குத் தீ ஒரு பகை, காற்று ஒரு பகை. 2011 டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது. கூரை வீட்டில் இருந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. அவர்களிடம் போய் "வைக்கோல் வீடு நல்லது" என்று சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். அவர்கள் கேட்பது காங்கிரீட் வீடு. அது நியாயமான ஆசை.

அரசாங்கங்களும் அதையே கொடுத்து வந்திருக்கின்றன. 2010-ல் கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்தது. 2011-ல் 300 சதுர அடிப் பசுமை வீடு வந்தது. 2024-ல் கலைஞர் கனவு இல்லம் வந்தது. 2030-க்குள் 8 லட்சம் வீடு கட்டிக் குடிசையே இல்லாமல் செய்வது என்பது 2024-ல் அறிவித்த குறிக்கோள். ஒரு வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். 360 சதுர அடி.

மூன்றரை லட்சத்தில் வீடு முடிகிறதா? சிமெண்ட், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் ஏறிக்கொண்டே போகும் காலத்தில் பல குடும்பங்கள் நகையை அடகு வைத்துத்தான் மேல்பூச்சை முடிக்கின்றன. குடிபோன பிறகு இன்னொரு கஷ்டம். சித்திரையில் காங்கிரீட் தளம் நடுநிசி வரை கொதிக்கும். கூரை வீட்டில் பிறந்து வளர்ந்த கிழவி திண்ணைக்கு வந்து படுத்துக்கொள்கிறாள்.

இதற்குப் பேக்கர் ஒரு வழி வைத்திருந்தார். தளம் போடும்போது, கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை வைத்து, அதன் மேல் காங்கிரீட் போடுவது. சிமெண்ட் குறைகிறது. பளு குறைகிறது. உஷ்ணமும் குறைகிறது. அவர் பயன்படுத்தியது மங்களூர் ஓடு. இந்த மங்களூர் அல்ல; 1865-ல் ஓட்டுத் தொழிற்சாலை வந்த கர்நாடகத்து மங்களூர்! பேர் ஒன்றுதான், ஊர் வேறு. பழைய ஓட்டு வீடுகளைப் பிரிக்கிற ஊரில் அந்த ஓடு மலிவாகவே கிடைக்கும். ஆனால் தெரிந்த கொத்தனாரும், அதற்குச் சம்மதிக்கும் எஞ்சினீயரும் வேண்டும்.

கணக்குப் போட்ட கணவனுக்கு வைக்கோல் ஆசை இன்னும் தீரவில்லை என்றால், வீட்டைத் தொட வேண்டாம். மாட்டுக் கொட்டகையின் மேற்குப் பக்கத்தில் ஒரே ஒரு சுவர் வைத்துப் பார்க்கட்டும். இருபது கட்டு போதும். கீழே செங்கல் மேடை, மேலே நீண்ட கூரை, இரண்டு பக்கமும் மண் பூச்சு. பூச்சை மட்டும் பசுவுக்கு எட்டாத உயரம் வரை கனமாகப் பூச வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் மேல் பெய்யட்டும். மார்கழியில் ஒரு கம்பியைச் சுவருக்குள் செருகி எடுத்து, நுனியைத் தொட்டுப் பார்த்தால் ஈரம் இருக்கிறதா, இல்லையா என்று தெரிந்துவிடும்.