மஞ்சப்பைக்குள் இருக்கும் சீட்டு

சிறுசேரி சிப்காட் நிறுத்தத்தில் பஸ் ஏறி, கேளம்பாக்கம் பக்கம் ஆஸ்பத்திரிக்குப் போகும் அம்மாக்களின் மடியில் ஒரு மஞ்சப்பை இருக்கும். ஸ்கேன் படங்கள், மாத்திரை அட்டைகள், மடிப்பில் கிழிந்துபோன பழைய சீட்டுகள். என் கவலையெல்லாம் அந்தச் சீட்டுகளைப் பற்றித்தான். ஏனென்று சொல்கிறேன்.

கர்ப்பப்பையில் நார்க்கட்டி வராத குடும்பம் குறைவு. அது புற்று அல்ல. ஆனால் மிக அபூர்வமாக அதே கட்டி சிரைக்குள் புகுந்து, கொடிபோல் நீண்டு, வயிற்றின் பெருஞ்சிரை வழியே ஏறி, இதயத்தின் வலது மேலறையை எட்டிவிடுகிறது. செல்கள் சாதுவானவைதான், ரத்தம் போகும் வழியை அடைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

1896-இல் பிர்ச்-ஹிர்ஷ்பெல்ட் என்ற மருத்துவர், கட்டி சிரைக்குள் புகுவதை விவரித்தார். 1907-இல் டூர்க் என்ற மருத்துவர், கட்டி இதயம்வரை ஏறியதைப் பதிவு செய்தார். பார்க்க முடிந்தது, எடுக்க வழியில்லை. இதயத்தைத் திறக்க வேண்டுமானால் அதன் வேலையை வேறொன்று செய்ய வேண்டும்; மருத்துவர் கிப்பனின் இதய-நுரையீரல் இயந்திரம் அதைச் செய்தது 1953-இல். 1961-இல் வேலூர் சி.எம்.சி.யிலும் திறந்த இதய அறுவை நடந்தது. இதய வால்வை மறித்து நின்ற இத்தகைய கட்டியை எடுத்த செய்தி 1974-இல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது.

இந்தக் கொடி பெரும்பாலும் சிரைச் சுவரில் ஒட்டாமல் மிதக்கும். வேரை அறுத்துவிட்டால் முழு நீளமும் வழுக்கி வந்துவிடும். இதய நிபுணர், ரத்தக்குழாய் நிபுணர், மகப்பேறு மருத்துவர் மூவரும் ஒரே மேசையருகே நிற்க வேண்டிய வேலை. ஈஸ்ட்ரோஜன்தான் இதற்குத் தீனி என்பதால் சினைப்பைகளையும் பல நேரம் எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் வைத்தால் ஆண்டுகள் கழித்தும் திரும்பலாம்.

கண்டுபிடிப்பதுதான் கடினம். மூச்சிரைப்பு, கால் வீக்கம், மயக்கம் என்று வருபவருக்கு எக்கோ எடுத்தால் மேலறையில் ஏதோ ஆடும். ரத்தக்கட்டி என்று நினைத்து ரத்தம் உறையாதிருக்க மருந்து தருவார்கள், கரையாது. அப்போது சி.டி. ஸ்கேனை நெஞ்சோடு நிறுத்தாமல் இடுப்புவரை கொண்டுபோக வேண்டும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: "கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சாம்மா? எப்போ?"

பத்து வருஷத்துக்கு முன் எடுத்த கர்ப்பப்பையின் பயாப்சி முடிவு அந்த மஞ்சப்பைக்குள் இருந்தால், அதில் சிரைக்குள்ளும் கட்டி தெரிந்ததாக ஒரு வரி இருந்தால், பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.