முழங்கால் வலியும் நைட் ஷிப்டும்

மூட்டுத் தேய்வு கண்டவர்களுக்கு டாக்டர்கள் சொல்லும் புத்திமதி இரண்டு: தினமும் நடமாடு, இரவில் நன்றாகத் தூங்கு. நாம் இதை மறுக்கவில்லை. மூட்டின் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது; மூட்டு அசையும்போதுதான் உள்ளேயுள்ள நீரிலிருந்து அதற்கு ஊட்டம் ஏறுகிறது. தொடைச் சதை பலப்பட்டால் வலி குறைகிறது. தூக்கம் கெட்டால் மறுநாள் வலி கூடுகிறது. அந்த வலி மறுபடி தூக்கத்தைக் கெடுக்கிறது.

ஆனால் எட்டு மணி நேரம் ரிங் பிரேமைச் சுற்றி நடக்கிற தொழிலாளி கேட்கிறார்: இந்த நடை போதாதா? போதாது, தோழர்களே! மூட்டுக்கு அசைவும் வேண்டும், இடையிடையே ஓய்வும் வேண்டும். நினைத்தபோது நிறுத்த முடியாத உழைப்பு தேகப்பயிற்சி ஆகாது. தூக்கமோ, ஷிப்டு மாற மாறக் கெடுகிறது. நைட் ஷிப்டு முடிந்து பட்டப்பகலில் தகரக் கூரையின் கீழ் முதலாளி ஒருநாள் தூங்கிப் பார்க்கட்டுமே!

நின்று வேலை செய்பவர் சந்தர்ப்பம் கிடைக்கும்போது உட்கார வசதி வேண்டுமென்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு சொன்னது. 2020-ல் இயற்றிய தொகுப்புச் சட்டத்திலும் அது இருக்கிறது. சட்டத்தில் இருக்கிறது, சரி. பெஞ்சு எங்கே?

ஜெர்மனியில் ஆயுளில் 13,000 மணி நேரமாவது மண்டியிட்டோ குந்தியோ உழைத்தவரின் முழங்கால் தேய்வை 2009-ல் தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்தார்கள். நம் வயல்களில் குந்திக் களையெடுக்கும் பெண்களின் மணிக்கணக்கை எழுதி வைத்தவர் யார்? விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் இந்தக் கணக்கை இந்தப் போகத்திலேயே எடுக்கத் தொடங்கட்டும். மில் சங்கங்கள் அடுத்த கோரிக்கை மனுவில் கூலியோடு பெஞ்சையும் சேர்த்து எழுதட்டும்.